தரா வாய் திறக்கும்வரை

சனிக்கிழமை காலையில் லூத்தரன் சர்ச்சின் அடித்தளத்தில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்பைப் போல அமைதியான இடம் அந்த அமெரிக்கச் சிற்றூரில் வேறு கிடையாது. மேலே ஆராதனைக் கூடத்தில்கூட யாராவது இருமுவார்கள். கீழே அதுவும் இல்லை. நீள மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் குளிர்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து கார்லா டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். “இந்த வாரம் வீட்ல என்ன சமைச்சீங்க?” என்று கார்லா கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு காத்திருப்பாள். சுவரோரத்து வெந்நீர்க் குழாய் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். அவளுக்குக் கிடைக்கிற பதில் அவ்வளவுதான்.

கார்லா ஹோஃபர் மக்காச்சோளம் போடுகிற குடும்பத்துப் பெண். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், நல்ல மனுஷி. பர்மா மலைநாட்டுக் கரேன் சனங்கள் கூச்ச சுபாவம், பாவம், எத்தனையோ கஷ்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று புருஷனிடம் சொல்லி வைத்திருந்தாள். கூச்சமாவது ஒன்றாவது! அதே ஆட்கள் திங்கட்கிழமை வான்கோழி ஆலையில் கத்தியைத் தீட்டிக்கொண்டு போடுகிற கூச்சலை அவள் கேட்டதில்லை.

சங்கதி வேறு. மேஜையின் தலைப்பக்கத்து நாற்காலியில் தரா லெர்வா உட்கார்ந்திருந்தார். தரா என்றால் வாத்தியார். எங்கள் சனத்தில் அது வேலையின் பெயர் அல்ல, ஆளின் பெயர். ஒருமுறை தரா ஆகிவிட்டால், நாடு விட்டு நாடு வந்து ஆலையில் அட்டைப்பெட்டி மடித்தாலும் தரா தராதான். தாய்லாந்து எல்லை முகாமில் மூங்கில் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் தலைமை வாத்தியாராக இருந்தவர் அவர். மேஜையைச் சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் பிரம்படி வாங்கிப் படித்தவர்கள். அப்படிப்பட்டவர் பதில் சொல்லாத கேள்விக்கு இன்னொருவன் பதில் சொல்வதா? அப்பா சாப்பிட உட்காரும் முன்னே சட்டியில் கை விடுகிற மாதிரி அது. தரா முதலில் சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தரா சொல்வதாக இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், முகாமில் அவர் சொல்லிக்கொடுத்த பாடமே இங்கிலீஷ்தான்.

முதல் நாள் வகுப்பில் கார்லா, “நீங்க எங்கேருந்து வந்தீங்க?” என்று கேட்டபோது தராதான் முதலில் எழுந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, நீளமாக நாலைந்து வாக்கியம் சொன்னார். இலக்கண சுத்தமாகத்தான் சொன்னார். ஆனால் அவருடைய இங்கிலீஷ் கண்ணால் கற்றது. எவனோ விட்டுப்போன பழைய புத்தகத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றது, காதால் கேட்டதே இல்லை. கார்லா குனிந்து, “மன்னிக்கணும்?” என்றாள். மறுபடி சொன்னார். “இன்னொரு தடவை மெதுவா?” என்றாள். மறுபடியும் சொன்னார். அப்புறம் கார்லா தலையை ஆட்டி, “ரொம்ப நல்லாச் சொன்னீங்க!” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். புரியாமலே பாராட்டி உட்கார வைக்கிற வித்தை தராவுக்குத் தெரியாததா? மண்டூகப் பிள்ளைகளிடம் அவரே எத்தனை முறை செய்திருப்பார். உட்கார்ந்தவர் அதற்குப் பிறகு அந்த அறையில் வாய் திறக்கவில்லை. வருவதை மட்டும் நிறுத்தவில்லை. தரா வகுப்புக்கு மட்டம் போடலாமா?

அவருக்கு வலப்பக்கத்து நாற்காலி அவர் மனைவி லாசேயுடையது. தராவின் மனைவி என்பதால் ஊரே அவளைத் தராமு என்று கூப்பிட்டது. அவள் பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் ஒதுங்கியவள் அல்ல. முகாம் சந்தையில் வாழைப்பழம் பொரித்து விற்றவள். இங்கே வந்து ஆலையில் தொடைக்கறி அறுக்கும் வரிசையில் நின்றாள். பக்கத்தில் குவாத்தமாலாக்காரி ஒஃபேலியா. இருவருக்கும் பொதுவாக இருந்தது இங்கிலீஷ் ஒன்றுதான், அதுவும் இருவருக்கும் அரைகுறை. அந்த அரைகுறையை வைத்துக்கொண்டு மாமியாரைத் திட்டினார்கள், மருமகனைத் திட்டினார்கள், மேஸ்திரி டேலை அவன் முகத்துக்கு நேரே கிண்டல் செய்தார்கள். கெட்ட வார்த்தையும் நல்ல வார்த்தையும் ஒன்றாகவே கற்றாள் லாசே. இரண்டு வருஷத்தில் டேலே அவளிடம் வாய் கொடுக்கப் பயந்தான்.

வீட்டில் அவள் குரல் அடுப்படியைத் தாண்டாது. இங்கிலீஷ் பேசும்போது மட்டும் அவள் தராமு அல்ல, யாருக்கும் மனைவி அல்ல, வாய்க்கொழுப்புப் பிடித்த வேறொருத்தி. அந்த ஒருத்தியை அவளுக்கே பிடித்திருந்தது. தராவுக்கு அவளைத் தெரியாது. அவர் பெட்டி மடிக்கும் பிரிவு ஆலையின் அந்தக் கோடியில் இருந்தது புண்ணியம்.

சனிக்கிழமைகளில்தான் தொல்லை. இந்தப்பக்கம் தரா, அந்தப்பக்கம் கார்லா. எந்தக் குரலை எடுப்பது? எதையும் எடுக்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஆனால் லாசேயின் கை கெட்டுப்போனது. வருஷக்கணக்காகக் குளிர் அறையில் கத்தி பிடித்ததில் வலக்கையின் இரண்டு விரல்கள் காலையில் மடங்கினபடியே நின்றுவிடும். இடக்கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். நிமிரும்போது உள்ளே சுள்ளென்று தெறிக்கும். ஆலை நர்ஸ் வெந்நீரில் வைக்கச் சொன்னாள், மாத்திரை கொடுத்தாள், திரும்ப வரிசைக்கே அனுப்பினாள். இன்னும் ஒரு வருஷம் கத்தி பிடித்தால் கை கையாக இருக்காது என்று லாசேக்குத் தெரிந்துபோனது.

ஊரின் முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஆள் எடுத்தார்கள். சூடான அறை, கரண்டி பிடிக்கிற வேலை. அங்கிருந்த மேலாளருக்கு லாசேயைப் பிடித்துவிட்டது. “இங்கிலீஷ் பேசுவேன்னு சர்டிஃபிகேட் ஒண்ணு வேணும். சட்டம் அப்படி. வசந்தம் வரைக்கும் இடத்தை வெச்சிருக்கேன்” என்றாள்.

அந்த சர்டிஃபிகேட் கார்லா கையில் இல்லை. கல்லூரியிலிருந்து ஒரு பெண் இலையுதிர்காலத்தில் ஒரு தடவையும் பனி முடிகிற சமயத்தில் ஒரு தடவையும் வந்து, வகுப்பில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் ஒவ்வொருவரையும் பேசச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டு போவாள். இலையுதிர்காலத்தில் வந்தபோது என்ன நடந்தது என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதல் நாற்காலியிலிருந்து ஆரம்பித்தாள். தரா சும்மா இருந்தார். லாசேயைக் கேட்டாள். லாசேயும் சும்மா இருந்தாள். அப்படியே மேஜையைச் சுற்றி வந்தாள். ஒரு காபி ஆறுகிற நேரத்துக்குள் மொத்த வகுப்பும் தோற்றது. கார்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்தது மார்ச்சில். அது தப்பினால் சமையலறை இடமும் போய்விடும்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு பிற்பகல் லாசே அடுப்படியில் நின்று அரிசியும் கோழியும் மூங்கில்குருத்தும் போட்டுக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியை இடக்கையில் பிடித்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி உருகியும் உருகாமலும் அழுக்காகக் கிடந்தது. தரா மேஜையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மகள் கட்டிக்கொண்டு மினசோட்டா போனபின் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

“எதுக்கு இடக்கைல கிண்டுற?” என்றார் தரா.

“சும்மாதான்.”

“வலிக்குதா?”

“குளிருக்கு அப்படி இருக்கும். கஞ்சில மீன்சாறு இன்னும் கொஞ்சம் ஊத்தவா?”

“ஆலைய விட்டுட வேண்டியதுதானே. அந்தக் கெழவங்க வீட்டு வேலை என்னாச்சு?”

“பரீட்சை எழுதி... பேசிக் காட்டணுமாம் தரா.”

தரா பாக்கை வாயில் ஒதுக்கிக்கொண்டார். “பேசு. யாரு வேணாங்கறா? உனக்குத்தான் கடைத்தெரு இங்கிலீஷ் வருமே.”

அவர் குத்தலாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று லாசேக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் ஒன்றாகக் குப்பை கொட்டியும் இது ஒன்று அவளுக்குப் பிடிபட்டதே இல்லை. “நீங்க முதல்ல பேசுங்க. அப்புறம் நாங்க பேசுறோம்” என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த வார்த்தையைக் கஞ்சியோடு சேர்த்துக் கிண்டிவிட்டாள்.

தரா குட்டித்தூக்கம் போடப் போனதும் கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டு எடோவும் வாமுவும் வந்தார்கள். எடோ தராவின் பழைய மாணவன். நாற்பதை எட்டப் போகிறவன், ஆனாலும் தரா வீட்டு வாசலில் செருப்பை விடும்போதே முதுகு தானாக வளைந்துவிடும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலைக்கு அவனுக்கும் அந்த சர்டிஃபிகேட் வேண்டும். வாமு பிரசவ ஆஸ்பத்திரியில் துணி மடிக்கும் வேலைக்குக் காத்திருந்தாள்.

“தராமு, கோவிச்சுக்காதீங்க” என்று எடோ தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான். “வர்ற சனிக்கிழமை தராவுக்குக் கொஞ்சம் ஒடம்பு சரியில்லாமப் போனா நல்லாருக்கும்.”

“வாயில என்ன, அடுப்புக்கரியா? நல்லா இருக்கிற மனுசனுக்கு ஏன் ஒடம்பு கெடணும்?”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வராம இருந்தாப் போதும்.”

“அதை நீயே போய்ச் சொல்லேன் அவர்கிட்ட. உள்ளதான் படுத்திருக்காரு.”

எடோவின் முகம் வெளிறிவிட்டது. வாமு இடையில் புகுந்தாள். “இவன் கெடக்கான் தராமு. நான் சொல்றேன். வடக்கே எங்க சித்தப்பா மகன் வீடு வாங்கியிருக்கான்ல, அதுக்கு ஜெபம் வெக்கணும்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்கான். தராவைக் கூப்பிட்டா சந்தோசமா வருவாரு. அதை வர்ற சனிக்கிழமையா வெச்சுட்டா...”

“வெச்சுட்டா?”

“பொய் ஒண்ணும் இல்லியே. வீடும் நெசம், ஜெபமும் நெசம். நாள் மட்டுந்தான் நாம பாத்தது.”

“ஜெபத்தை வெச்சு ஆளைக் கடத்துறீங்க.”

“ஒங்க கையைக் காட்டுங்க பாப்போம்” என்றாள் வாமு. அவளும் அதே வரிசையில் நிற்கிறவள்.

லாசே கையைப் பாவாடையில் துடைப்பது போல மறைத்துக்கொண்டாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் சனத்தில் பெரியவர்கள் பதில் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். எடோ முகம் மலர்ந்து, கஞ்சி இருக்கிறதா என்று கேட்டான்.

வாரம் முழுக்க லாசே அவருக்குப் பிடித்ததையே சமைத்தாள். புளிச்சகீரைக் குழம்பு, பொரித்த கருவாடு, மீன்விழுது போட்டு இடித்த மிளகாய். தராவும் உற்சாகமாக இருந்தார். ஜெபத்தில் என்ன பேசுவது என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். “அங்க போய் நாலு பேருக்கு நல்ல வார்த்தை சொல்லி நாளாச்சு” என்றார். தன் புருஷனை இப்படி ஏமாற்ற வேண்டியிருக்கிறதே என்று லாசே மனசார வெட்கப்பட்டாள். ஆனாலும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் தரா மார்புவரை சிவப்புப் பட்டை போட்ட நெய்த சட்டையை உடுத்தி, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். லாசே வெற்றிலையும் வெந்நீர்க் குடுவையும் எடுத்துக் கொடுத்தாள்.

“காத்து கெளம்புற மாதிரி இருக்கு” என்று வானத்தைப் பார்த்தார். “நீ வகுப்புக்கு எதுல போவ?”

“எடோ வண்டில.”

“பரீட்சை இன்னிக்குத்தானே?”

“ஆமா.”

“நான் இல்லாட்டிப் பரவாயில்லியா?”

லாசே அவருடைய காலர் மடிப்பைச் சரி செய்தாள். “நீங்க பாத்துப் போங்க தரா.”

வகுப்பில் முதல் நாற்காலி காலியாக இருந்தது. தரா இல்லாவிட்டாலும் அதில் யாரும் உட்காரமாட்டார்கள். கல்லூரிப் பெண் ஜனெல் உள்ளே வந்து, கோட்டைக் கழற்றி அந்த நாற்காலியின் முதுகில் போட்டு, அதிலேயே உட்கார்ந்தாள். மேஜையைச் சுற்றி எல்லோருக்கும் திக்கென்றது. எடோ உதட்டைக் கடித்துக்கொண்டான். ஆனால் யார் போய் அவளிடம் சொல்வது?

ஜனெல் பையைத் திறந்துகொண்டே, “போன தடவை எல்லாரும் என்னைப் பாத்துப் பயந்துட்டீங்க. இன்னிக்கு அப்படி வேண்டாம். வேலை இடத்துல நடந்த வேடிக்கை எதாவது சொல்லுங்க. யார் வேணா ஆரம்பிக்கலாம்” என்றாள்.

வெந்நீர்க் குழாய் டக்கென்றது. கார்லா கைகளைக் கோத்துக்கொண்டாள். லாசே தன் இடப்பக்கம் பார்த்தாள். அங்கே தரா இல்லை. மஞ்சள்முடிக்காரி ஒருத்தி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் சொல்றேன்” என்றாள் லாசே இங்கிலீஷில்.

கார்லா நிமிர்ந்தாள். அவள் லாசேயின் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. பெரிய குரல். கத்தியும் எந்திரமும் போடுகிற சத்தத்துக்கு மேலே கேட்கப் பழகிய குரல்.

“எங்க ஆலைல உசிரோட வர்ற வான்கோழியக் கொக்கியில மாட்டுவாங்க. போன மாசம் ஒண்ணு தப்பிச்சுருச்சு. புத்திசாலி. வாசலுக்கு ஓடுச்சு. பின்னாடியே எங்க மேஸ்திரி டேல். டேல் எப்படி இருப்பான்னா, அவனே ஒரு நல்லாத் தின்ன வான்கோழி.”

வாமு களுக்கென்று சிரித்தாள். ஜனெலும் சிரித்தாள். லாசே எழுந்தே நின்றுவிட்டாள். டேல் கையை விரித்துக்கொண்டு பனிக்கட்டி மேல் எப்படி ஓடினான் என்று காட்டினாள். எடோ, “ரெண்டு தடவை விழுந்தான்!” என்று இங்கிலீஷிலேயே சேர்த்தான். இன்னொருவன் “இல்ல, மூணு!” என்றான். அந்த அடித்தளத்தில் அப்படியொரு சத்தம் அதுவரை கேட்டதில்லை. மேலே தரை துடைத்துக்கொண்டிருந்தவர் படியில் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“அப்பதான் ஷிஃப்ட் மாறுற நேரம். நாங்கள்லாம் வருகைக் கார்டு அடிக்க வரிசைல நிக்கிறோம். அந்த வான்கோழி நேரா வந்து எங்க வரிசைல, எனக்கும் ஒஃபேலியாவுக்கும் நடுவுல...”

கதவு திறந்தது. குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. அதோடு தராவும் வந்தார். தோளிலும் புருவத்திலும் பனி அப்பியிருந்தது.

நாற்காலிகள் கிரீச்சிட்டன. எல்லோரும் கைகளைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள். சிரிப்பு அப்படியே அறுந்துபோனது. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த லாசே, வான்கோழிக்காக விரித்த கைகளை மெல்லக் கீழே இறக்கினாள்.

“வடக்கே ரோட்ட மூடிட்டாங்க” என்றார் தரா கரேனில், யாரையும் பார்க்காமல். “காத்து பனியத் தூக்கி அடிக்குது. முன்னால ஒண்ணும் தெரியல. எடோ வண்டி பழசு. அதான் உன்னக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

அப்புறம்தான் அவர் தன் நாற்காலியைப் பார்த்தார். அதில் உட்கார்ந்திருந்த ஜனெல் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு லாசேயைப் பார்த்தாள். “அப்புறம்? வரிசைல வந்து நின்னுச்சு. அப்புறம் என்னாச்சு?”

லாசே வாய் திறக்கவில்லை. ஜனெல் காத்திருந்தாள். பேனா காகிதத்தின் மேல் நின்றது. கார்லாவின் முகம் இலையுதிர்காலத்தில் போன மாதிரியே போகத் தொடங்கியது. லாசேயின் மடங்கிய விரல்கள் இரண்டும் வலித்தன. இப்போது பேசாவிட்டால் அந்தச் சமையலறை இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிற இந்த மனுஷன் முன்னால், தானில்லாத ஒருத்தியின் குரலில் எப்படிப் பேசுவது என்பதுதான் தெரியவில்லை.

ஜனெல் தராவின் பக்கம் திரும்பினாள். “நீங்களும் இந்த வகுப்பு மாணவரா சார்?”

கேள்வி தராவுக்குப் புரிந்தது. புரிந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வழக்கம்போல அறை முழுவதும் அவருக்காகக் காத்திருந்தது. தரா மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எடோ, வாமு, மற்றவர்கள், எல்லோரும் கை கட்டி, தலை குனிந்து. கொஞ்சம் முன்னே வாசலுக்கு வெளியே நின்று தான் கேட்ட சிரிப்பு இவர்களுடையதுதானா என்று பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

“இல்ல” என்றார் இங்கிலீஷில். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். “நான் மாணவன் இல்ல. நான் இவ புருஷன். வெயிட் பண்றேன்.”

ஜனெலுக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது. “நல்லது, உக்காருங்க” என்றாள். தரா திரும்பி, படிக்கட்டின் கடைசிப் படியில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி கரேனில், “ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க எல்லாரும்” என்றார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். லாசே மட்டும் நின்றாள். அவருடைய முதுகைப் பார்த்தாள். பனி உருகிக் கோட்டில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். தாழ்த்தவில்லை.

“வான்கோழி எங்க வரிசைல நின்னுச்சு” என்றாள், அதே பெரிய குரலில். “டேல் மூச்சு வாங்க வந்தான். மூஞ்சியெல்லாம் பனி. எல்லாரும் பாத்துட்டிருக்காங்க. பாவம், ரொம்ப எம்பாரஸ்ட். வான்கோழியப் பிடிக்கப் போனான். நான் சொன்னேன், ‘விடு டேல். அதுவும் கார்டு அடிக்கட்டும். நமக்குத்தான் ஆள் பத்தலியே!’”

ஜனெல் விழுந்து விழுந்து சிரித்தாள். கார்லா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கரேன்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. படிக்கட்டிலிருந்தும் சத்தமில்லை.

மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பேசினார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் வியர்த்தார்கள். வாமு நன்றாகவே சொன்னாள். இத்தனை ஏற்பாட்டையும் செய்த எடோதான், தராவின் முதுகைப் பார்த்துப் பார்த்து, தன் பெயருக்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் உட்கார்ந்துவிட்டான். கிளம்பும்போது ஜனெல் லாசேயின் கையைப் பிடித்துக் குலுக்கி, “அடுத்த வாரம் தபால்ல வரும். உங்களுக்கு ஒரு கவலையும் வேண்டாம்” என்றாள். குலுக்கிய கை வலக்கை. லாசேக்குச் சுள்ளென்றது, ஆனாலும் சிரித்தாள்.

வண்டியில் சூடு ஏற நேரம் பிடித்தது. பனிப்புகை ரோட்டின் குறுக்கே தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது. தரா இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போனார். வண்டி தானியக் கிடங்கைத் தாண்டியது.

“வீடு வாங்கின பையனுக்கு ஃபோன் போட்டேன், வர முடியாதுன்னு சொல்ல” என்றார் தரா. “‘பரவாயில்ல தரா, எடோதான் இந்த சனிக்கிழமையே வெக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னான்’னு அவன் சொல்றான்.”

லாசே மடியைப் பார்த்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“என்னைய வெளிய அனுப்ப உங்களுக்கு ஜெபமா கெடச்சுது?”

“தப்புத்தான் தரா. கை ரொம்ப வலிக்குது. அங்க நீங்க இருந்தா யாருக்கும் பேச்சு வரமாட்டேங்குது. எனக்கும் வரல. அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னும் தெரியல.” சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அழுதாள். தரா பார்க்காத மாதிரி கண்ணாடியைத் துடைக்கிற துடைப்பானை வேகமாக ஓடவிட்டார்.

ரயில் தண்டவாளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். ரயில் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் நிறுத்தினார்.

“முகாம்ல சத்தம் போட்டாப் பிரம்ப எடுப்பேன். சத்தம் இல்லாத வகுப்புதான் நல்ல வகுப்புன்னு இருந்துட்டேன். இங்க வந்தும் ரெண்டு வருஷமா அதே மாதிரி ஒக்காந்திருக்கேன். இவங்களுக்கு வராது, மண்டூகங்கன்னுகூட நெனச்சேன்.” கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். “வாசல்ல நின்னு கேட்டப்ப ஏதோ வெள்ளக்காரங்க கூட்டம்னு நெனச்சுட்டேன். இடம் மாறி வந்துட்டமோன்னு திரும்பிப் போகப் பாத்தேன்.”

“ஆலைல நான் அப்படித்தான் பேசுவேன்” என்றாள் லாசே மூக்கைத் துடைத்துக்கொண்டு. “உங்களுக்குப் பிடிக்காதுன்னு...”

“பிடிக்குதா இல்லியான்னு எனக்கு இன்னும் தெரியல. பழகணும்.” வண்டியை நகர்த்தித் தண்டவாளத்தைக் கடந்தார். “அந்த மேஸ்திரியப் பத்திச் சொன்னியே. மூஞ்சியெல்லாம் பனி, அப்புறம் என்னமோ ஒண்ணு. ரொம்ப என்னன்னு சொன்ன?”

“எம்பாரஸ்ட்.”

“அப்படின்னா?”

லாசே அவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனுஷன் அவளிடம் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டதில்லை.

“நாலு பேர் முன்னால விழுந்துட்டா வருமே, அது. எல்லாரும் நம்மளையே பாக்குற மாதிரி, எங்கயாவது ஓடி ஒளிஞ்சிடலாம்போல.”

“ஓ” என்றார் தரா. “அதுக்கு இதுதான் பேரா.” ரோட்டைப் பார்த்துக்கொண்டே உதட்டைக் கூட்டி ஒரு முறை சொன்னார். புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் மாதிரி, இருக்கிற எல்லா எழுத்தையும் விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, சரி என்று அவள் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தார்.

லாசே தலையாட்டவில்லை.

“தப்பு தரா” என்றாள். “இன்னொரு தடவை சொல்லுங்க.”